முகமும் பூவும் ஒரே கான்வசில்: அஞ்சலிப் படம் மாதிரி ஆகாமல் வரைவது எப்படி?

உப்புவெளித் தூரிகை எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். திருகோணமலை, உப்புவெளிப் பக்கம் இருந்து எழுதுகிறேன். அக்ரிலிக்கில் முகங்கள் வரைவேன். இந்த வருடம் மொடலிங் பேஸ்ட் வாங்கி, பலெட் கத்தியால் பூக்களை மேடாக எழுப்பவும் பழகிக்கொண்டேன். இரண்டையும் சேர்த்து அம்மம்மாவை வரைய வேண்டும் என்பது கனநாள் ஆசை. அவர் விடிய எழும்பி முற்றத்துச் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் பறித்து சாமிப் படத்துக்கு வைத்த பிறகுதான் தேத்தண்ணியே குடிப்பார், பூ இல்லாமல் அவரை நினைக்க எனக்கு வராது.

முகம் நன்றாகவே வந்தது. மூக்குத்தி, கன்னத்துச் சுருக்கம், ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்த இமை எல்லாம் அவரேதான். அப்புறம் தலையைச் சுற்றிச் செவ்வரத்தைகளைத் தடிப்பாகப் போட்டேன். அம்மா வந்து பார்த்தார், கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு "என்ன பிள்ளை, 31ஆம் நாள் கல்வெட்டுப் படம் மாதிரி இருக்கு" என்றார். செத்தவர் நினைவாக 31ஆம் நாளுக்கு அச்சடிக்கிற புத்தகத்தைத்தான் இங்கே கல்வெட்டு என்போம். அம்மம்மா அடுத்த அறையில் சுகமாக இருக்கிறார்! அந்த வார்த்தை காதில் விழுந்ததில் இருந்து எனக்கும் படம் அப்படித்தான் தெரிகிறது.

ஆகவே கேள்வி இதுதான். முகத்தோடு பூவைச் சேர்த்தால் அது அஞ்சலிப் படம் ஆகாமல் இருக்க என்ன செய்யலாம்? அடுத்தது, பூ மேடாகவும் முகம் மட்டமாகவும் இருப்பதால் பூவை யாரோ பிறகு வந்து ஒட்டிவிட்டுப் போனது மாதிரி இரண்டும் சேராமல் நிற்கின்றன. முகத்தையும் மேடாக்கினால் சாயல் போய்விடுமா? மொடலிங் பேஸ்ட் கொழும்பில் இருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது, விலை கையைக் கடிக்கிறது, அதற்கு ஏதாவது மாற்று இருந்தாலும் சொல்லுங்கள்.

பழைய சித்திர வாத்தியார் எழுதியது:

பிள்ளை, உங்கள் அம்மாவுக்கு நல்ல கண். அவர் சொன்னதை விமர்சனமாக எடுத்துக்கொண்டு அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

நம் ஊரில் மதிலிலும் மின்கம்பத்திலும் பத்திரிகையிலும் நாளாந்தம் பார்க்கிற அஞ்சலிப் படங்களுக்கு ஒரு அமைப்பு உண்டு. முகம் நடுவில் இருக்கும். நேராக நம்மைப் பார்க்கும், அடையாள அட்டைப் படத்தை வெட்டி எடுத்ததால் அப்படி. பூ சுற்றிவர ஒரே அளவில் இருக்கும். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த உடனே, கீழே தோற்றம் மறைவு எழுதாவிட்டாலும் நம் கண் அதை வாசித்துவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள், அஞ்சலிப் படத்தில் பூ ஒருநாளும் முகத்தை மறைக்காது. மரியாதையாக ஒதுங்கி ஓரத்தில்தான் நிற்கும். உயிரோடு இருக்கிற ஆள் பூமரத்துக்குள் கையை விட்டுப் பூப் பறிக்கும்போது அப்படியா? ஒரு இலை கன்னத்துக்குக் குறுக்கே வரும், ஒரு பூ காதை மறைக்கும், கிளை தோளில் கிடக்கும்.

அதனால் முதல் வேலை, சில பூக்களை முகத்துக்கு முன்னால் கொண்டுவாருங்கள். தாடையின் ஒரு பகுதியையோ காதையோ ஒரு செவ்வரத்தை முழுதாக மறைக்கட்டும், பயப்படாதீர்கள். கெஹிண்டே வைலி வரைந்த பராக் ஒபாமாவின் படம் 2018இல் வாஷிங்டனில் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் திறக்கப்பட்டது, இணையத்தில் தேடினால் பெரிதாகப் பார்க்கலாம். பின்னணி முழுக்க இலை. அந்த இலைகள் பின்னால் மட்டும் நிற்காமல் கதிரைக்கும் காலுக்கும் முன்னாலும் வந்து விழுகின்றன, மனிதர் பற்றைக்குள் இருப்பது நமக்குப் புரிகிறது. அங்கே இருக்கிற பூக்களும் சும்மா அலங்காரம் இல்லை. சிகாகோவின் அதிகாரபூர்வப் பூவான சாமந்தி, அவர் பிறந்த ஹவாய்க்காக மல்லிகை, தகப்பன் நாடான கென்யாவுக்காக ஆபிரிக்க நீல லில்லி. ஒரு ஆளின் வாழ்க்கையையே பூவாகச் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது, அம்மம்மா எங்களைப் பார்க்க வேண்டாம். பூவைப் பார்க்கட்டும். இதற்கு வெளிநாடு போகவே தேவையில்லை, ஹபரணை வழியாகச் சீகிரியாவுக்கு ஒரு நாள் போய்வாருங்கள். 5ஆம் நூற்றாண்டு ஓவியம், அந்தப் பெண்கள் ஒவ்வொருவரிடமும் பூ ஏதோ ஒரு விதத்தில் இருக்கிறது, தட்டில், விரல்களுக்கு இடையில், கொண்டையில். பெரும்பாலும் முகம் முக்கால்வாசி திரும்பியிருக்கும், கண் கீழே சாய்ந்திருக்கும். பூவோடு அவர்களுக்கு ஏதோ வேலை நடக்கிறது. உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள், அது ஒருவகையில் நல்லது, நின்று பார்ப்பீர்கள். நெல் உமி கலந்த களிமண் பூச்சுக்கு மேல் சுண்ணச் சாந்து பூசி வரைந்த மேற்பரப்பு அது, உங்களைப் போல மேற்பரப்பில் ஆர்வம் உள்ள ஆளுக்குக் கிட்ட நின்று பார்க்கக் கனக்க இருக்கிறது.

பூவை அம்மம்மாவின் தலையைச் சுற்றிப் போடாமல் அவர் கையில் கொடுங்கள். அம்மா பிறகு என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.

காண்பியக்கலை மாணவி (மட்டக்களப்பு) எழுதியது:

அக்கா, வாத்தியார் சேர் அமைப்பைச் சொல்லிவிட்டார், நான் தடிப்பைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு இதுதான் கூட முக்கியமாகத் தெரிகிறது. முகமும் பூவும் ஒட்டாமல் நிற்பதற்குக் காரணம், நீங்கள் தடிப்பைப் பொருளுக்குப் பொருள் பிரித்துவிட்டீர்கள். பூ என்றால் தடிப்பு, முகம் என்றால் மெல்லிசு. அப்படிப் பிரித்தால் என்ன செய்தாலும் இரண்டு படமாகத்தான் நிற்கும். தடிப்பை வெளிச்சத்துக்குக் கொடுத்துப் பாருங்கள்.

எங்கே வெளிச்சம் விழுகிறதோ அங்கே பெயின்ற் தடிப்பு, நிழலில் மெல்லிசு. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் காலத்து முறைதான். 1634இல் மனைவி சாஸ்கியாவைப் பூக்களின் தேவதை புளோராவாக வரைந்திருக்கிறார், தலையில் பூமுடி, கையில் பூச்சுற்றிய கோல். முகத்தில் விழுகிற அதே வெளிச்சம்தான் பூவிலும் சட்டைக் கையிலும் விழுகிறது, அதனால் பூ அவளுடையதாகவே தெரிகிறது. தடிப்பு விடயத்துக்கு என்றால் அவருடைய கடைசிக் காலத்துப் படங்களைப் பாருங்கள், நெற்றியிலும் மூக்கிலும் சாயம் மேடாகவே நிற்கும், நிழலில் துணி தெரிகிற அளவுக்குக் கரைந்துபோயிருக்கும்.

உங்கள் படத்தில் வெளிச்சம் இடப்பக்கம் இருந்து வருகிறது என்று வைப்போம். நெற்றி மேடு, மூக்குத் தண்டு, இடக் கன்ன எலும்பு, கீழுதட்டின் நடு, இங்கே எல்லாம் பேஸ்ட் கலந்த நிறம் வரட்டும். இடப்பக்கப் பூக்களும் அதே தடிப்பில். வலப்பக்கம் தாடைக்குக் கீழே, கண் குழியில், காதுக்குப் பின்னால் நிறத்தைத் தண்ணீராகக் கரைத்துப் பூசுங்கள், கான்வசின் இழை தெரியட்டும். முக்கியமான இடம் இதுதான், வலப்பக்கத்துப் பூக்களுக்கும் அதே கதி. அவை மேடே இல்லாமல் வெறும் கறையாக, பாதி உருவமாக இருக்கட்டும். இடப்பக்கம் கைக்கு உறைக்கிற இதழ், வலப்பக்கம் வெறும் சிவப்பு ஈரம். அப்போது தடிப்பு பூவில் தொடங்கி முகத்தில் ஏறி மறுபக்கம் இறங்கிப் போகும்.

சாயல் போய்விடுமா என்று கேட்டீர்கள். சாயல் கனக்கவும் இருப்பது கண்ணின் ஓரத்திலும் வாயின் ஓரத்திலும். அந்த இரண்டு இடத்திலும் பேஸ்ட் வேண்டாம், தூரிகைதான். கண் ஓரத்தில் சின்ன மேடு ஒன்று இருந்தாலும் அது ஒரு நிழல் விழுத்தும், படத்தை யன்னலுக்குப் பக்கத்தில் மாட்டினால் முகபாவமே மாறிவிடும். இரவில் லைற்றை நிற்பாட்டிவிட்டு டோர்ச்சைப் படத்தின் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், எந்த மேடு முகத்தைக் கெடுக்கிறது என்று உடனே தெரியும். கத்தி இழுக்கிற திசையும் அப்படித்தான், கன்னத்துச் சுருக்கம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ கத்தியும் அந்தப் பக்கம் ஓட வேண்டும், குறுக்கே இழுத்தால் காயத் தழும்பு மாதிரித் தெரியும்.

நீங்கள் இப்போது செய்திருப்பது கிட்டத்தட்டத் தஞ்சாவூர் ஓவிய முறை. அதிலும் நகை, மாலை, தூண், வளைவு எல்லாம் சுண்ணாம்புத் தூளும் பசையும் குழைத்த மக்கால் மேடாக்கி அதன் மேல் பொன் தகடு ஒட்டுவார்கள், முகம் மட்டம். அங்கே அது பொருந்துகிறது, ஏனென்றால் அது தெய்வம், வெயிலும் நிழலும் அந்த முகத்தைத் தொட வேண்டியதில்லை. அம்மம்மாவுக்கு வெயில் வேண்டும்.

நிறத்துக்கும் ஒரு வார்த்தை. முழுக் கான்வசுக்கும் முதலில் ஒரே செம்மண் நிறம் பூசிக் காயவிட்டு அதன் மேல் வேலை செய்யுங்கள். இதழ் இடுக்கிலும் கன்னத்து இடுக்கிலும் அதே செம்மண் எட்டிப் பார்க்கும். செவ்வரத்தை முகத்துக்குக் கிட்ட இருந்தால் அதன் சிவப்பு நம் மாநிறத் தோலில் தாடைக்கு அடியில் கட்டாயம் தெறிக்கும், அதைத் துணிந்து வையுங்கள். இத்தாலிய ஓவியர் ஆர்ச்சிம்போல்டோ 1563இல் வரைந்த 'வசந்தம்' படத்தில் முகமே முழுக்கப் பூ, ஆனாலும் தூரத்தில் மனித முகம் தெரிகிறது. கன்னத்துக்கு வெளிர் சிவப்பும் வெள்ளையுமான பூக்கள், உடுப்புக்கு இலைகள் என்று முகத்தின் வெளிச்சக் கணக்குக்கு ஏற்பப் பூக்களைப் பொறுக்கி அடுக்கியிருக்கிறார். அவருடைய மேற்பரப்பு வழவழப்பு, தடிப்பே கிடையாது. அதைப் பார்த்தாவது முதலில் வெளிச்சக் கணக்கு, பிறகுதான் மேடு என்று விளங்கும்.

பலகை எழுதுபவன் (மூதூர்) எழுதியது:

நான் கடைப் பலகை, கோயில் வேலை செய்கிற ஆள். பெரிய ஓவியர் இல்லை என்றாலும் எது வெடிக்கும் எது வெடிக்காது என்பது கைக்குத் தெரியும்.

ஹாட்வெயாரில் தூளாக விற்கிற வோல் புட்டியைக் கான்வசில் போடவே வேண்டாம். அது சீமெந்துச் சாமான், வளையாது. துணி மாரிக்கு ஒருமாதிரியும் வெயிலுக்கு ஒருமாதிரியும் இளகி இறுகும், புட்டி வெடித்துக் கொட்டும். தடிப்பு வேலை என்றால் பலகைக்குப் போங்கள். மரநாரை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகை மலிவு, ஆனால் விளிம்பால் தண்ணி குடித்து ஊதும், முன்பக்கம் பின்பக்கம் நாலு விளிம்பு எல்லாவற்றுக்கும் முதலில் அக்ரிலிக் பூச்சு அடித்துக் காயவிட வேண்டும்.

பேஸ்டை வீட்டிலே கூட்டலாம். வெள்ளைச் சோக்குத் தூளைத் துணியில் சலித்து எடுங்கள், தச்சு வேலைக்குப் பாவிக்கிற வெள்ளைக் கம்மில் குழையுங்கள், கொஞ்சம் அக்ரிலிக் நிறமும் சேருங்கள். கத்தியில் எடுத்துக் கவிழ்த்தால் விழாமல் நிற்கிற பதம் வரவேண்டும். பலகையில் இது நன்றாக நிற்கும், கான்வசில் மெல்லிசாக மட்டும் போடலாம். தங்கச்சி தஞ்சாவூர் மக்கு என்று சொன்னார், அதில் புளியங்கொட்டைப் பசை போடுகிற முறையும் உண்டு, நம் ஊர் ஈரத்துக்கு அதில் பூஞ்சணம் பிடிக்கும் என்பது என் பயம், கம்தான் நல்லது.

ஒரேயடியாகத் தடிப்பாகப் போடாதீர்கள். மேல்தோல் காய்ந்துவிடும், உள்ளே ஈரமாக இருக்கும், உள்ளே காயும்போது சுருங்கி மேலே கோடு விழும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் இது இன்னும் மோசம், அந்தச் சூட்டுக் காற்று மேல்தோலை உடனே இறுக்கிவிடும். விடியக் காலையில் வேலையை வையுங்கள், காற்றுப் பக்கத்து யன்னலைச் சாத்துங்கள். கார்த்திகை, மார்கழி மழைக்கு மறுபக்கம், காயவே காயாது, ஒரு படை போட்டால் அது உள்ளேயும் காயும் வரை அடுத்த படைக்குக் கை வைக்காதீர்கள். மழைக்காலத்தில் படத்தைச் சுவரோடு ஒட்டி வைக்கவும் வேண்டாம்.

செவ்வரத்தைக்கு ஒரு வழி சொல்கிறேன். கத்தியின் அடிப்பக்கத்தில் கடும் சிவப்பும் அதன் ஓரத்தில் கொஞ்சம் வெளிர் சிவப்பும் எடுத்து, இதழின் வெளி விளிம்பில் அழுத்தி நடுவை நோக்கி ஒரே இழுவை. அழுத்திய இடத்தில் விளிம்பு தானாக எழும்பி மடியும், அசல் இதழின் நெளிவு அதுதான். ஐந்து இதழுக்கு ஐந்து இழுவை, திரும்பப் போய்த் திருத்தினால் இதழ் செத்துவிடும். நடுவில் நீட்டி நிற்கிற தண்டுக்கு வெறும் மருதாணிக் கோனில் பேஸ்டை நிரப்பிப் பிழியுங்கள், நுனியில் மஞ்சள் பொட்டுகளும் அதே கோனால் வரும். ஐசிங் நொசில் பாவிக்க வேண்டாம், பூ பிறந்தநாள் கேக்கில் இருக்கிறது மாதிரி ஆகிவிடும்.

உப்புவெளித் தூரிகை எழுதியது:

எல்லாருக்கும் பெரிய நன்றி. பூ முகத்தை மறைக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை, சேர். அம்மம்மாவை முற்றத்தில் வைத்து, பக்கவாட்டில் இருந்து புதிதாகப் படங்கள் எடுக்கப் போகிறேன், பலகைக்கும் மாறுகிறேன்.

இன்னொரு யோசனை. கடற்கரைப் பக்கம் பூவரசு நிறைய நிற்கிறது. பூ காலையில் மஞ்சளாக விரிந்து பொழுதுபடும்போது சிவந்து வாடும். ஒரே படத்தில் ஒரு பக்கம் மஞ்சளும் மறுபக்கம் சிவந்ததுமாகப் பூவரசு வைத்தால் வயதைச் சொல்ல நல்லாக இருக்கும் போல. செவ்வரத்தையை விட்டுவிட்டு இதற்கு மாறலாமா?

பழைய சித்திர வாத்தியார் எழுதியது:

நல்ல யோசனை, எனக்குப் பிடித்திருக்கிறது. வெளிச்சப் பக்கம் மஞ்சள் தடிப்பாக, நிழல் பக்கம் சிவந்த பூ மெல்லிசாக என்று மட்டக்களப்புப் பிள்ளை முன்னே சொன்ன கணக்கோடும் அது தானாகவே பொருந்தும். பூவரசம் பூவின் அடித்தொண்டையில் இருக்கிற அந்தக் கடும் அரக்கு நிறத்தை விட்டுவிடாதீர்கள், அம்மம்மாவின் கண்மணியிலும் அதே நிறத்தைப் பாவிக்கலாம். ஓவியர் வான்கோ, தபால்காரர் ஒருவரின் மனைவியான ஒகஸ்தீன் ரூலானை 1888 கடைசியிலும் 1889 தொடக்கத்திலுமாக ஐந்து தடவை வரைந்தார், பின்னால் சுவர்த்தாள் முழுக்கப் பூ. ஒரே அமைப்பை நிறம் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார். நீங்களும் சின்னப் பலகைகளில் இரண்டு பூவையும் போட்டுப் பாருங்கள்.

காண்பியக்கலை மாணவி (மட்டக்களப்பு) எழுதியது:

சேர் குறை நினைக்கக் கூடாது, எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அம்மம்மா பறிப்பது செவ்வரத்தையும் நந்தியாவட்டையும், பூவரசு இல்லை. வயதைச் சொல்வதற்காக ஒரு பூவைக் கொண்டுவந்தால் படம் வயதைப் பற்றியது ஆகிவிடும், அம்மம்மாவைப் பற்றியது ஆகாது. மஞ்சள் சிவந்து வாடுகிறது என்றால் பார்க்கிறவர் மனம் எங்கே போகும்? அம்மா சொன்ன இடத்துக்கே திரும்பிப் போகும். அக்கா, செவ்வரத்தையை விடாதீர்கள். நந்தியாவட்டையையும் வையுங்கள், வெள்ளைப் பூ இருந்தால்தான் வெளிச்சப் பக்கத்தில் மிகத் தடிப்பான இடம் எது என்ற கேள்விக்கு விடை கிடைக்கும், மாநிறத் தோலுக்குப் பக்கத்தில் அந்த வெள்ளை எடுப்பாகவும் இருக்கும்.

முகத்தையே முழுக்கத் தடிப்பில் எழுப்புகிற வழியும் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிராங்க் அவர்பாக் (1931–2024) லண்டனில் ஒரே ஆட்களைப் பல வருடம் இருத்தி வரைந்தவர், பிடிக்காததைச் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பப் போடுவார், தொடக்ககாலத் தலைகளில் சாயம் கட்டியாகவே நிற்கும். அது ஒயில் பெயின்ற். நம் ஈரத்தில் அந்தத் தடிப்பு ஒயில் காய்வதற்கு ஆண்டுகள் எடுக்கும், ஆகவே இப்போதைக்கு அக்ரிலிக்கே சரி. பிறகு ஒயில் தொட ஆசை வந்தால் அக்ரிலிக்குக்கு மேல் ஒயில் போடலாம், ஒயிலுக்கு மேல் அக்ரிலிக் போடக் கூடாது, பிடிக்காது.

பலகை எழுதுபவன் (மூதூர்) எழுதியது:

பூ விடயத்தில் நான் தங்கச்சி பக்கம்.

வார்னிஷ் பற்றி யாரும் சொல்லவில்லை. பளபளப்பான வார்னிஷ் அடித்தால் மேடு ஒவ்வொன்றும் லைற்றில் மினுங்கி முகம் தெரியாமல் போகும், மங்கல் வார்னிஷ் மெல்லிசாக இரண்டு தடவை அடியுங்கள், குழிக்குள் தேங்கினால் வெள்ளையாகப் படியும், தூரிகையால் உடனே எடுத்துவிட வேண்டும். அதற்கு முன் உள்ளே முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், தடிப்பான பூவின் அடியை நகத்தால் அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் இன்னும் பொறுங்கள்.

படத்தை எங்கேயாவது பஸ்சில் கொண்டுபோவதென்றால் பபிள் சீற்றை மேற்பரப்பில் பட வைத்துச் சுற்ற வேண்டாம். அக்ரிலிக் நம் வெயிலுக்கு இளகும், சீற்று இதழில் ஒட்டிக்கொண்டு உரிக்கும்போது வட்ட வட்டமாக அடையாளம் விழும். பலகையின் நாலு மூலைக்கும் பூவின் மேட்டை விட உயரமான மரத்துண்டு வைத்துக் கட்டி, அதன் மேல் கார்ட்போர்ட் மூடி, படம் மேலே பார்த்தபடி மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.